வெள்ளோட்டத்தில் விருந்தாளிகள்

எங்கள் ஊரில் புதுப் படகு வாங்கினால் முதல் நாள் வலை ஏற்ற மாட்டார்கள். பூசை போட்டு, தேங்காய் உடைத்து, முகத்துவாரம் தாண்டி ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். எங்கே கசிகிறது, எஞ்சின் எந்த இடத்தில் திணறுகிறது, படகு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பதுதான் அன்றைய வேலை. மறுநாள் கசிவை அடைத்துவிட்டுத்தான் தொழிலுக்குப் போவார்கள். கடலூர் முதுநகர் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் எங்கள் குப்பத்தில் அப்பா இதுவரை மூன்று பைபர் போட் வாங்கியிருக்கிறார். மூன்று வெள்ளோட்டத்துக்கும் நான் கூடப் போயிருக்கிறேன்.

நான்காவதாக நான் போன வெள்ளோட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருந்தாளிகள் இருந்தார்கள். அவர்கள் அதற்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பணம் கொடுத்திருந்தார்கள். புத்தம் புதிய உல்லாசக் கப்பலின் முதல் பயணம் அது. நான் கீழே சமையல்கட்டில் கமி, அதாவது சமையல்காரர்களில் கடைசிப் படி. கப்பலில் சமையல்கட்டுக்குப் பெயர் ‘கேலி’. போனில் அம்மாவிடம் "கேலியில வேலம்மா" என்றபோது, நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

கப்பலின் பெயரையோ கம்பெனியின் பெயரையோ சொல்லப்போவதில்லை. இன்னும் அதே தொழிலில்தான் இருக்கிறேன்.

முதலில் வேலை கிடைத்த கதை. லீவில் ஊருக்கு வந்தால் வாரத்துக்கு நாலு பையன்கள் இதைத்தான் கேட்டு வருகிறார்கள். புதுச்சேரியில் கேட்டரிங் படித்துவிட்டு ஈசிஆரில் ஒரு ஓட்டலில் இரண்டு வருடம் தோசைக்கல் முன்னால் நின்றேன். கப்பல் வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன ஒரு ஏஜென்ட்டிடம் ஒன்றரை லட்சம் கொடுத்தேன். அக்காவின் வளையல் அதில் போனது. ஆறு மாதம் "அடுத்த வாரம் விசா" என்றார், பிறகு போன் எடுக்கவில்லை. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை என்று ஒன்று இருப்பதே எனக்கு அப்புறம்தான் தெரியும். 2006-ல் ஜெனீவாவில் போட்டது, இந்தியாவும் 2015-ல் ஏற்றுக்கொண்டது. அதன்படி வேலை வாங்கித் தருவதற்காகக் கடலோடியிடம் ஏஜென்ட் காசு வாங்கக் கூடாது. நம் கைக்காசு பாஸ்போர்ட், சிடிசி என்கிற கடலோடிப் புத்தகம், சட்டப்படியான மருத்துவச் சான்று இவற்றுக்குத்தான். விசா செலவு கப்பல்காரன் தலையில். ஏஜென்ட்டுக்கு மத்திய அரசின் கப்பல் போக்குவரத்து இயக்ககம் கொடுத்த ஆர்பிஎஸ்எல் என்கிற ஆட்சேர்ப்பு உரிமம் இருக்க வேண்டும். அந்த எண்ணை இயக்ககத்தின் இணையதளத்திலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தை நான் செலவழிக்காததற்கு விலை ஒன்றரை லட்சம்.

இரண்டாம் முறை ஒழுங்கான வழியில் போனேன். இன்டோஸ் என்கிற கடலோடிப் பதிவு எண், எஸ்டிசிடபிள்யூ என்கிற சர்வதேசத் தரப்படியான அடிப்படைப் பயிற்சிகள், பயணிகள் கப்பலுக்கான கூட்டக் கட்டுப்பாட்டுப் பயிற்சி, சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் கடலோடிகளுக்கான சி1/டி விசா, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசி. தண்ணீரில் குதிக்கும் பயிற்சியில் மட்டும் நான்தான் முதல் ஆள். முதல் ஒப்பந்தம் பழைய கப்பல் ஒன்றில். அது முடிந்ததும், "புதுக் கப்பல் வருது, போறியா?" என்று கேட்டார்கள். புதுசு என்றதும் தலையாட்டிவிட்டேன்.

கப்பல் ஐரோப்பாவில் ஒரு கட்டுதளத்தில் நின்றது. பயணிகள் ஏறுவதற்கு ஐந்து வாரம் முன்பே எங்களைக் கொண்டுபோய் இறக்கினார்கள். பனி கொட்டிக்கொண்டிருந்தது. விளம்பரப் படத்தில் பார்த்த கப்பலுக்கும் நான் ஏறிய கப்பலுக்கும் சம்பந்தமே இல்லை. எங்கு பார்த்தாலும் வெல்டிங் பொறி, தொங்கும் ஒயர்கள், பசை நாற்றம். சமையல்கட்டின் எவர்சில்வர் மேடைகள்மேல் இன்னும் நீல நிற பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. என் கேபினில் குழாயைத் திறந்தால் டீத்தண்ணி நிறத்தில் வந்தது. கழிவறை உறிஞ்சவில்லை. கப்பலில் எல்லாம் காற்றை உறிஞ்சி இழுக்கும் வகைக் கழிவறைகள். ஒரு இடத்தில் யாராவது துணியைப் போட்டுவிட்டால் அந்த வரிசை மொத்தமும் படுத்துவிடும். முதல் பத்து நாள் நாங்கள் சமைக்கவே இல்லை, துடைத்தோம். புதுக் கப்பலுக்குப் போகும் சமையல்காரனுக்கு முதலில் கிடைப்பது கரண்டி இல்லை, துடைப்பம்.

அளவைப் பற்றி அப்பாவுக்குப் புரியவைப்பதுதான் பெரும்பாடு. இன்றைக்கு உலகிலேயே பெரிய வகைக்கு உதாரணம் ஐகான் ஆஃப் த சீஸ். ஃபின்லாந்தின் துர்க்கு நகரில் கட்டி, 2024 ஜனவரி 27-ல் மியாமியிலிருந்து முதல் பயணம் போனது. 365 மீட்டர் நீளம், 20 தளம், உச்சமாக 7,600 பயணிகள், 2,350 ஊழியர்கள். நான் போனது அது இல்லை, ஆனால் அதன் பங்காளி என்று சொல்லுமளவுக்குப் பெரியது. ஐகான் 2,48,663 டன் என்று போடுவார்கள். அதை எடை என்று நினைத்துக்கொள்ளக் கூடாது, உள்ளே அடைபட்ட இடத்தின் கொள்ளளவுக் கணக்கு அது. டைட்டானிக்கின் கணக்கு 46,328. இதையெல்லாம் சொன்னபோது அப்பா அசையவில்லை. "சுக்கான் எவ்ளோ பெருசுடா?" என்றார். சுக்கானே இல்லை, கப்பலுக்கு அடியில் தொங்கும் மோட்டாரே விசிறியோடு சேர்ந்து முழு வட்டம் சுற்றும், அதுதான் திருப்புகிறது என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "சுக்கான் இல்லாம இன்னாடா கப்பலு..." என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

கப்பல் கிளம்பி அட்லாண்டிக் கடந்த பதினோரு நாளும் பயணிகள் இல்லை. நாங்களும், வேலையை முடிக்காத ஒப்பந்தத் தொழிலாளர்களும் மட்டும். இரண்டாம் நாள் நான் வாந்தி எடுத்தேன். எட்டு வயதில் கடலுக்குப் போனவன், சோழகக் காற்றில் பைபர் போட் ஆடும் ஆட்டத்தில் மீன்குழம்பு சாப்பிட்டவன். காரணத்தை அப்புறம் கண்டுபிடித்தேன். படகில் கண்ணுக்கு முன்னால் தொடுவானம் இருக்கிறது, உடம்பு அதைப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஜன்னலில்லாத அறையில் கண்ணுக்குச் சுவர்தான் தெரியும், சுவர் அசையவில்லை என்று கண் சொல்லும், வயிறு இல்லை என்று சொல்லும். பெரிய கப்பல் சடக்சடக்கென்று ஆடாது. மெதுவாக, ஊஞ்சல் நிற்கப்போகும் நேரத்து ஆட்டம்போல ஆடும். அதுதான் மோசம். மேல்தளத்துக்குப் போய் தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பத்து நிமிடம் பார்த்தேன், பச்சை ஆப்பிளும் காய்ந்த பன்னும் தின்றேன். சரியாகிவிட்டது. பயணியாகப் போகிறவர்கள், தலைசுற்றும் உடம்பென்றால் நடுக்கப்பலில் கீழ்த்தளத்து அறையாகப் பார்த்து எடுங்கள். மூக்குப் பக்கத்து அறையும் உச்சித் தளத்து அறையும் ஆட்டம் அதிகம்.

அந்தப் பதினோரு நாளும் பயிற்சி, பயிற்சி, பயிற்சி. ஏழு சின்ன ஊதல், ஒரு நீண்ட ஊதல் என்றால் ஆபத்து. எழுந்து ஓட வேண்டும். எங்கே ஓடுவது என்பதுதான் பிரச்சினை. புதுக் கப்பலில் வழி தெரிந்த ஆள் ஒருவர்கூட இல்லை. பழைய கப்பலில் சீனியர் ஒருவர் தோளைத் தட்டி "இப்படி வா" என்பார். இங்கே சீனியரும் என்னோடு சேர்ந்து முழித்துக்கொண்டு நின்றார். ஊழியர்கள் பகுதியில் கப்பலின் மூக்கிலிருந்து வால்வரை ஓடும் நீண்ட தாழ்வாரத்துக்கு ஐ-95 என்று பெயர், அமெரிக்க நெடுஞ்சாலையின் பெயர். அதில் நான் மூன்று முறை தொலைந்தேன். கடைசியில் பாக்கெட் நோட்டில் படம் போட்டேன். என் அறை, என் சமையல்கட்டு, ஆபத்து நேரத்தில் நான் போய் நிற்க வேண்டிய மஸ்டர் நிலையம், மூன்றுக்கும் இடையில் இரண்டிரண்டு வழி. மின்சாரம் போனாலும் கைதடவிப் போகுமளவுக்கு நடந்து பார்த்தேன். புதுக் கப்பலில் ஏறுகிற யாருக்கும் முதல் நாளே செய்யச் சொல்லும் வேலை இதுதான், பயணிக்கும் சேர்த்து.

அப்பா பயந்தது தண்ணீருக்கு இல்லை, தீக்கு. அவர் தலைமுறையில் எம்.வி. சிதம்பரம் கப்பலைத் தெரியாதவர்கள் இந்தக் கரையில் குறைவு. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு, சிங்கப்பூர் போன கப்பல். எண்பதுகளின் நடுவில் கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள், அத்தோடு அந்த ஓட்டம் நின்றது. "அடுப்பு கிட்டயா நிக்கிற? எண்ணெய் புடிச்சா தண்ணி ஊத்தாத" என்று ஒவ்வொரு போனிலும் சொல்வார். அவர் சொன்னதேதான் எங்கள் பாதுகாப்பு அதிகாரியும் சொன்னார், மூடி போடு, போர்வை போடு, தண்ணீர் கூடாது என்று. என்ன, அவர் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

இனி அந்த முதல் இரவு.

மதியம் கொடி, பேண்டு வாத்தியம், மேலே காகிதத் தூவல் எல்லாம் நடந்ததாகச் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. மாலை ஆறு மணிக்கு முதல் பந்தி. ஏழே கால் இருக்கும், பாத்திரம் கழுவும் பகுதியில் தரையில் தண்ணீர் நிற்க ஆரம்பித்தது. முதலில் ஷூவின் அடி நனைந்தது, பிறகு லேஸ். பார்த்தால் வடிகால் அடைத்திருக்கிறது. இந்த அறையில் இவ்வளவு தண்ணீர் அதுவரை ஓடியதே இல்லை. பயிற்சியின்போது இருநூறு முந்நூறு தட்டுதான் கழுவியிருக்கிறோம், இப்போது ஆயிரக்கணக்கில். கழுவும் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். மேலே இரண்டாம் பந்திக்குத் தட்டு இல்லை.

எஞ்சினியர் வந்தார், இரும்புக் கம்பிச் சுருளை உள்ளே விட்டார், வரவில்லை. கடைசியில் எங்களோடு இருந்த இந்தோனேசியக்காரர், வயது ஐம்பது இருக்கும், முழங்கைவரை கையுறை போட்டுக்கொண்டு தரையில் மண்டியிட்டு, வடிகால் மூடியைக் கழற்றிக் கையை விட்டார். ஒரு நிமிடம் துழாவினார். வெளியே வந்தது நீல நிற பிளாஸ்டிக் தாள். மேடைகளிலிருந்து நாங்களே உரித்துப் போட்ட அதே தாள், சிமெண்டுக் கலவையோடு சேர்ந்து கெட்டியாகி, முஷ்டியளவு உருண்டை. எடுத்ததும் தண்ணீர் ‘கொளகொள’ என்று சத்தம் போட்டு இறங்கியது. அதற்குள் மணி எட்டே முக்கால். நடுவில் ஒன்றரை மணி நேரம் கமி, குக், மேற்பார்வையாளர் என்று எல்லாரும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தொட்டியில் தட்டு கழுவினோம். தேய்க்க ஒரு தொட்டி, அலச ஒன்று, கிருமிநாசினிக்கு ஒன்று. மேலே விருந்தாளிகளுக்குப் பாடகர் ஒருவரை அனுப்பி நேரத்தை ஓட்டினார்கள். ஒருவர் பணத்தைத் திருப்பிக் கேட்டாராம். நியாயம்தான். ஆனால் என் மனசில் ஓடியது வேறு. அப்பா படகாக இருந்தால் இது வெறும் படகில், வலை இல்லாமல், மீன் இல்லாமல் தெரிந்திருக்கும்.

அடுப்பு விவகாரம் வேறு. எங்கள் பகுதியில் ஆறு பெரிய அடுப்புகள். மூன்றாம் நம்பர் மட்டும் இடப்பக்கம் கருக்கும். வலப்பக்கம் வெளிறியிருக்கும் அதே நேரத்தில் இடப்பக்கம் அடுப்புக்கரி. திரையில் காட்டும் வெப்பத்தை நம்பிப் பதினாறு தட்டு பன்னைப் பாழாக்கினேன். திட்டு விழுந்த பிறகுதான் கையடக்க வெப்பமானியை வைத்து ஒவ்வொரு அடுப்பையும் சோதித்து, அடுப்புக் கதவிலேயே டேப் ஒட்டி எழுதினேன்: ‘பாதி நேரத்தில் தட்டைத் திருப்பு’. புது இயந்திரம் என்றால் சரியாகத்தான் இருக்கும் என்பது நம் ஊர் நம்பிக்கை. புது இயந்திரத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

வெப்பமானி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்கத் துறைமுகம் தொடும் பயணிகள் கப்பல்களில் அங்குள்ள சுகாதாரத் துறை சொல்லாமல் கொள்ளாமல் வந்து சோதிக்கும். நூற்றுக்கு 86 வாங்கினால்தான் தேர்ச்சி. சூடான உணவு 57 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, குளிர்ந்தது 5 டிகிரிக்கு மேலே போகக் கூடாது. சமைத்ததை ஆறவைப்பதானால் 57-லிருந்து 21-க்கு இரண்டு மணி நேரத்தில், அங்கிருந்து 5-க்கு அடுத்த நான்கு மணி நேரத்தில் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் குப்பை. எங்கள் வீட்டில் ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் மோரும் சின்ன வெங்காயமுமாகச் சாப்பிடும் பழைய சோறு அந்த ஆய்வாளர் கண்ணில் பட்டால் வீட்டுக்கே சீல் வைத்துவிடுவார். இந்த எண்களைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும்படி வைத்துக்கொண்டால் நேர்முகத் தேர்வில் பாதி வேலை முடிந்தது.

ஓய்வு நேரம் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். விதிப்படி 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு, அதில் ஒரே மூச்சாக 6 மணி நேரம், வாரத்துக்கு 77 மணி நேரம். முதல் வாரத்தில் எனக்கு அது கிடைக்கவில்லை. ஓய்வு நேரப் படிவத்தைக் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி" எழுதச் சொன்னார்கள். முதல் மூன்று நாள் எழுதினேன், எல்லோரும் எழுதினார்கள். நான்காம் நாள் தூக்கக் கலக்கத்தில் கத்தி விரலில் இறங்கியது. மருத்துவ அறையில் தையல் போட்டவர், "எத்தனை மணிக்கு எழுந்தாய்?" என்று கேட்டபோது, படிவத்தில் நான் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் எனக்குக் காயம் பட்டிருந்தது. அன்றிலிருந்து உள்ளதை உள்ளபடி எழுதினேன். கொஞ்சம் முறைத்தார்கள், அவ்வளவுதான். என் சொந்தக் குறிப்பேட்டிலும் தேதி, மணி போட்டு எழுதி வைத்தேன். இதை எல்லாப் பையன்களுக்கும் சொல்கிறேன்.

ஐந்தாம் நாள் மேலேயிருந்து ஒரு சீட்டு வந்தது. சைவம் சாப்பிடும் வயதான தம்பதி, நான்கு நாளாகப் பாஸ்தாவும் சாலட்டும் சாப்பிட்டுச் சோர்ந்துபோய், ரசம் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் ஷெஃப் ரசத்தை ‘ராஸ்-சாம்’ என்று படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். பரிமாறுபவரிடம் விசாரித்தால் அவர்கள் நெய்வேலிக்காரர்கள், அமெரிக்காவில் மகள் வீட்டுக்கு வந்தவர்கள். நெய்வேலி! எங்கள் மாவட்டம். கைகால் ஓடவில்லை எனக்கு. ஸ்டோரில் புளி விழுது இருந்தது, மிளகு, சீரகம், தக்காளி, பூண்டு எல்லாம் இருந்தது. பெருங்காயம் என் பெட்டியில் இருந்தது, ஆனால் போடக் கூடாது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கும், ஒவ்வாமைப் பட்டியலில் ஏறாத எந்தப் பொருளும் சட்டிக்குள் போகக் கூடாது. கறிவேப்பிலையும் இல்லை. மிளகைக் கொஞ்சம் தூக்கலாக இடித்துப் போட்டு, நுரை கட்டியதும் இறக்கி, ஒரு கிண்ணம் சோறோடு அனுப்பினேன்.

அரை மணி நேரம் கழித்துப் பரிமாறுபவர் காலிக் கிண்ணத்தோடு வந்தார். "அம்மா ரொம்ப சந்தோஷப்பட்டாங்க. அழுதுட்டாங்க. உப்பு கம்மின்னு சொல்லச் சொன்னாங்க."

பயணத்துக்கு முன்பதிவு செய்யும்போதே சைவம், ஜெயின், சர்க்கரை என்று எழுதிக் கொடுத்திருந்தால் நான்கு நாள் பட்டினி கிடந்திருக்க வேண்டியதில்லை. எங்களுக்கும் பட்டியல் கையில் இருந்தால் துறைமுகத்திலேயே பொருள் ஏற்றிவிடுவோம். கடலில் கேட்டால் இருப்பதை வைத்துத்தான்.

முதல் பயணத்துக்கே டிக்கெட் எடுக்கட்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், எடுக்காதீர்கள் என்பதுதான். மூன்று மாதம் போகட்டும். முதல் ஓட்டத்தில் வருகிறவர்களில் பாதிப் பேர் கப்பல் பைத்தியங்கள். அவர்களுக்குக் கதவு திறக்காவிட்டாலும் சந்தோஷம், சொல்லிக்காட்ட ஒரு கதை கிடைக்கிறது. குழந்தை குட்டியோடு வாழ்நாளில் ஒருமுறை போகிறவர்களுக்கு அது கட்டாது. அப்படியும் போனால், கட்டுதளம் தாமதம் செய்தால் பயணமே தள்ளிப்போகலாம் என்பதை மனசில் வைத்து விமான டிக்கெட்டை மாற்றக்கூடியதாக எடுங்கள். ஒருநாள் முன்பே துறைமுக ஊருக்குப் போய்விடுங்கள், கப்பல் யாருக்காகவும் நிற்காது.

நம் ஊருக்கு இப்படி ஒன்று வருமா என்று அப்பா கேட்டார். கரைக்கு வராது. இந்த வகைக் கப்பலுக்கு ஒன்பது மீட்டருக்கு மேல் ஆழம் வேண்டும். கடலூரில் சரக்குக் கப்பல்களே தள்ளி நங்கூரம் போட்டு நின்று பார்ஜ் என்கிற தட்டைப் படகில்தான் சரக்கை இறக்கின. 2025 ஜூலையில் புதுச்சேரிக்கு வந்த உல்லாசக் கப்பலும் கடலிலேயே நின்றது, பயணிகள் சிறு படகுகளில் உப்பளம் துறைமுகத்துக்கு வந்தார்கள். அதைக் கேட்டதும் அப்பா, "அப்ப நம்ம போட்ட வாடகைக்கு வுடலாம்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஒப்பந்தம் முடிந்து வந்து ஒரு மாதமாகிறது. எனக்குப் பதிலாக அங்கே போயிருக்கும் கோவாக்காரப் பையன் நேற்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். மூன்றாம் நம்பர் அடுப்பு. கதவில் என் கையெழுத்தோடு டேப் அப்படியே இருக்கிறது. உள்ளே தட்டில் இடப்பக்கத்து பன்கள் கன்னங்கரேல்.

"படிக்கலையாடா?" என்று கேட்டேன்.

"தமிழ்ல எழுதியிருக்கியே" என்றான்.